ஆளுக்குப் பாதி

அக்கா ஒரு முழு வாழைப்பழத்தைத் தின்று நான் பார்த்ததே இல்லை. உரித்த கையோடு நடுவில் ஒடிப்பார். பெரிய பாதி பக்கத்தில் இருப்பவருக்கு, சின்னப் பாதி தனக்கு. பக்கத்தில் இருப்பவர் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, முகம் வெளுத்து ஜன்னலோரம் சாய்ந்து கிடக்கும் வெளியூர்க்காரருக்கும் அரைப் பழம் நீளும். "தின்னுங்க சாமி, கொமட்டலுக்கு நல்லது" என்பார். அந்த நிலைமையில் பழத்தைப் பார்த்தாலே அந்த ஆளுக்கு வயிற்றைப் புரட்டும் என்று நான் எத்தனை சொல்லியும் அக்காவுக்கு ஏறவில்லை. ஒருவர் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எண்பதுகளில் நான் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு சின்ன மிஷன் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். இரண்டு அறை, வாசலில் ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு மருந்து அலமாரி. வாரத்துக்கு ஒருமுறை கீழே சேலத்திலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், பேதி, சிரங்கு, செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்ட காயம் என்று எது வந்தாலும் நான்தான். அக்கா பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். கூலி ஆட்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ஒன்றில் தனியாக இருந்தார். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது, மகளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். ஊரில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை சிஸ்டர் என்றார். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஒரே மாதிரிதான்க்கா கூப்பிட்டுக்கறோம்" என்று ஒருநாள் அர்த்தம் சொன்னேன். அன்று பூராவும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் பாதி கொடுத்தால் புண்ணியம். அக்கா மருந்திலும் பாதி கொடுத்தார். அதுதான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால் இரண்டு நாள் சாப்பிடுவார். மிச்சம் பழைய பவுடர் டப்பா ஒன்றுக்குள் போய்விடும். அந்த டப்பாவில் என் அலமாரியில் இல்லாத மருந்துகூட இருந்தது. இரண்டே நாளில் நிறுத்திவிட்டீர்களே என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"காச்சல் உட்டுப்போச்சுங்க சிஸ்டர். உட்டுப்போன காச்சலுக்கு எதுக்குங்க மருந்து? மிச்சம் இருந்தா இன்னொருத்தருக்கு ஆவுமில்லீங்க."

"காய்ச்சல் விட்டுச்சுன்னா கிருமி போயிருச்சுன்னு அர்த்தமில்லக்கா. அது படுத்துக் கெடக்குது. மருந்த நிறுத்தினா எந்திரிச்சு வரும்."

"வந்தா பாத்துக்கலாமுங்க. இப்ப வந்து நிக்கறவனுக்குக் குடுக்க வேண்டாமுங்களா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டாக்டரையே ஒன்றிரண்டு முறை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்வேன்.

லைன் வீடுகளில் யாராவது முனகினால் அக்கா டப்பாவோடு போய் நிற்பார். முதலில் விசாரணை நடக்கும். நோவு குத்துதா, கடுக்குதா, கொடையுதா, எரியுதா? ஒரே எடத்துல நிக்குதா, ஓடுதா? தின்னதுக்கு முன்னயா, பொறகா? கேட்டுக்கொண்டு நின்றால் எந்த டாக்டரும் மெச்சுவார். கேள்வி எல்லாம் சரி, பதிலைத்தான் டப்பாவில் தேடுவார். குடைச்சலுக்கு மஞ்சள், காய்ச்சலுக்கு வெள்ளை, வெளுத்துப்போன கர்ப்பிணிக்குக் கருஞ்சிவப்பு. மஞ்சள் நிறத்தில் உலகத்தில் எத்தனை மருந்து உண்டு என்று நான் கத்துவேன். "நம்ம மஞ்சளு நல்ல மஞ்சளுங்க" என்பார்.

அந்த நல்ல மஞ்சள் ஒருமுறை ஆளையே சாய்த்தது. ஒண்டிக்கடையில் டீக்கடை வைத்திருந்த ஒருவருக்குத் தோள் குடைச்சல். கைக்கு நல்லாக் கேட்கிறது என்று அவரும் வெறும் வயிற்றில் டீயோடு தினமும் இரண்டு போட்டிருக்கிறார். அவருக்கு ஏற்கனவே குடல்புண். வலி மாத்திரை புண்ணைக் கிளறி உள்ளே ரத்தம் கசிந்து, மலம் தார் மாதிரி கருப்பாகப் போயிருக்கிறது. மூல நோய் என்று நினைத்து வெளியில் சொல்லாமல் இருந்துவிட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே மயங்கி விழுந்த பிறகுதான் ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

அக்கா துடித்துப் போய்விட்டார். வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கட்டில் பக்கத்திலேயே கிடந்தார். திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்து, "நான் பண்ணுனது தப்புங்க சிஸ்டர்" என்று அழுதார். அப்பாடா, புத்தி வந்தது என்று நினைத்தேன். வந்த புத்தி என்னவென்றால், அன்றிலிருந்து விசாரணையில் ஒரு கேள்வி கூடியது. வயித்தெரிச்சல் உண்டா என்றும் கேட்டுவிட்டு மஞ்சளைக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த இருமல் வந்தது.

மலையில் மார்கழி, தை மாதங்களில் இருமாதவர் யார்? பனி இருமல் என்று கஷாயம் குடித்துக்கொண்டு எல்லோரும் இருமிக்கொண்டிருப்பார்கள். அக்காவும் பனிக்குங்க என்றார். பனி போய் வெயில் வந்தது, இருமல் போகவில்லை. சாயங்காலமானால் மேல் கதகதவென்று இருந்தது. காலையில் எழுந்தால் ரவிக்கை வேர்வையில் நனைந்திருக்கிறது என்றார், மலையின் விடிகாலைக் குளிரில். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. சளியை எடுத்துக் கீழே அனுப்பினோம். காசநோய்க் கிருமி இருக்கிறது என்று வந்தது.

டாக்டர் பயப்படவில்லை. அப்போது புதிதாக ஒரு சிவப்பு மாத்திரை எங்களுக்குக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. முன்பெல்லாம் ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையுமாக இழுத்த நோயை, அந்தச் சிவப்பும் கூட இரண்டு மூன்று மாத்திரையும் சேர்த்துச் சில மாதங்களிலேயே தீர்த்துவிடலாம். ஒரே நிபந்தனை, விடாமல் சாப்பிட வேண்டும். கொஞ்ச நாளிலேயே இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறும். அப்போது நிறுத்தினால் எல்லாம் பாழ். இதை அக்காவிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் சாயம்தான், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் "செரிங்க" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் எஸ்டேட் ரைட்டர் வந்தார். கணக்கு எழுதுகிற மனிதர், சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்.

"சிஸ்டர், ரத்தமாப் போகுதுங்க."

வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. பீட்ரூட் தின்றீர்களா என்றேன், இல்லை என்றார். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எஸ்டேட் வாட்ச்மேன் வந்தார். அவருக்கும் அதே. இதென்ன கூத்து என்று நான் விழித்துக்கொண்டிருக்க, மூன்றாவதாக ஒண்டிக்கடை டீக்கடைக்காரர் வந்து சேர்ந்தார், குடல்புண்ணில் தப்பிப் பிழைத்த அதே ஆள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மலையில் என்னிடம் சிவப்பு மாத்திரை வாங்கியவர் ஒரே ஒருவர்தான்.

"அக்கா ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

மூன்று தலையும் ஒன்றாகக் குனிந்தன. லேசாக இருமல் இருந்ததாம். "நொம்ப ஒசந்த மாத்திரைங்கன்னு சொல்லுச்சு" என்றார் வாட்ச்மேன். டீக்கடைக்காரரைப் பார்த்து, உங்களுக்குமா புத்தி இல்லை என்று கேட்டேன்.

"அக்கா கையில வெச்சுக்கிட்டு நிக்குது. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். என்னாலும் சொல்ல முடிந்ததில்லை, எத்தனையோ அரைப் பழம் தின்றிருக்கிறேன். ஒன்றும் ஆகாது, சாயம் நாளைக்குத் தெளிந்துவிடும் என்று அவர்களை அனுப்பிவிட்டு நேராக லைன் வீட்டுக்கு நடந்தேன். கோபத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன் என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, உங்களுக்குச் சிவப்பாப் போகுதா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "ஒரு நாளு போகுதுங்க. ஒரு நாளு வெள்ளையாத்தான் போகுதுங்க" என்றார்.

"வெள்ளையாப் போற நாள்ல மாத்திரை யாருக்குப் போகுது?"

சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தப் பக்கத்து வீட்டில் மல்லிகா என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். புருஷன் லாரி ஓட்டப் போனால் மாதக் கணக்கில் வரமாட்டான். இடுப்பில், தவழ்கிற வயதில் ஒரு குழந்தை. அவளும் இருமுகிறாள், அவளுக்கும் சாயங்காலம் மேல் சுடுகிறது, பால் கொடுக்கிறவள் இளைத்துக்கொண்டே போகிறாள். அக்கா இதைப் பார்த்திருக்கிறார். என்னுதும் இதே நோவு, எனக்குக் கேட்கிற மருந்து அவளுக்கும் கேட்கும் என்று, ஒருநாள் தனக்கு, ஒருநாள் அவளுக்கு என்று பங்கு போட்டுவிட்டார். ரைட்டருக்கும் மற்றவர்களுக்கும் போனது இடையில் நடந்த தானதர்மம். சிவப்பாகப் போகும் என்பதை மல்லிகாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், ஆம்பளைகளிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம்.

நோயை அக்கா கண்டுபிடித்தது சரிதான். மல்லிகாவின் சளியிலும் கிருமி இருந்தது. வைத்தியம்தான் இரண்டு பேரையும் குழியில் தள்ளப் பார்த்தது. டாக்டர் அந்த வாரம் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் மெதுவாகத்தான் பேசினார்.

"பாதி மருந்து போட்டா கிருமி சாகாதும்மா. அடிபட்ட பாம்பு அது. அடுத்த தடவை இந்த மருந்துக்குப் பயப்படாது. அப்ப இந்தச் சிவப்பு மாத்திரை உங்களுக்கும் ஆகாது, இந்தப் பொண்ணுக்கும் ஆகாது. இத விட்டா உங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

அன்று மல்லிகாவுக்கும் தனியாக மருந்து எழுதிக் கொடுத்தார். குழந்தையைச் சோதித்ததில் அதற்கு நோய் இல்லை. ஆளுக்கொரு முழுப் பொட்டலம் இருக்கும்போது இனிப் பங்குக்கு வேலை இல்லை என்று நான் நம்பினேன். அக்காவைப் பற்றி அத்தனை வருஷம் பழகியும் நான் அப்படி நம்பியதுதான் ஆச்சரியம். வேறு யாராவது இருமினால் அவர் கை சும்மா இருக்குமா? தினமும் டிஸ்பென்சரிக்கு வந்து என் கண்ணெதிரில் விழுங்கச் சொன்னேன். எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் வந்து, வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு போவார். ஒருநாள் சந்தேகம் வந்து "ஆ காட்டுங்க" என்றேன். கடைவாயில் கன்னத்தோரம் சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

"லைன்ல கடேசி ஊட்டுக் கெழவன் நைட்டெல்லாம் இருமுறானுங்க" என்றார், மாத்திரையை வாய்க்குள் வைத்துக்கொண்டே.

அன்று நான் கத்தவில்லை. "அக்கா, நீங்க செத்துப்போவீங்க" என்றேன். ஒரு நோயாளியிடம் நர்ஸ் சொல்லக்கூடாத வார்த்தை. அக்கா தண்ணீர் டம்ளரை மறுபடி எடுத்தார். பிறகு விழுங்கினார். கிழவரைக் கூட்டிவரச் சொல்லிச் சளியைச் சோதித்தோம். அவருக்கு இருந்தது பீடி இருமல்.

ஆனால் தினமும் வாயைத் திறக்கச் சொல்லி எத்தனை நாள் நடத்துவது? மழை பிடித்துவிட்டால் அந்த வழியில் ஆள் நடமாட்டமே இருக்காது.

இதற்கு நடுவில் ஒன்றை நான் கவனித்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவர மல்லிகாவுக்கு மூச்சு வாங்கும் என்று, அவளுடைய பொட்டலத்தை நான் அக்காவிடம்தான் கொடுத்தனுப்புவேன். அதில் ஒன்றுகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்தது. மல்லிகாவுக்குத் தினமும் தவறாமல் சிவப்பாகப் போனது. கைக்கு எட்டிய மருந்தையெல்லாம் ஊருக்கு வாரி இறைக்கிறவர் இந்தப் பொட்டலத்தை மட்டும் எப்படி விட்டுவைத்தார்? ஒருநாள் லைன் வீட்டுக்குப் போய் அக்காவிடமே கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

"அது அவளுதுங்க சிஸ்டர். அவளுதுல நான் எப்படிங்க கை வைப்பேன்?"

இதைக் கேட்டுக்கொண்டு மல்லிகா தன் வாசலில் நின்றிருந்தாள். அதிகம் பேசாத பெண். குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"சிஸ்டர், அக்காளோட மருந்த என்கிட்ட குடுங்க. இனிமே அது என்னுது. என் மருந்து அக்காகிட்டயே இருக்கட்டும். விடியால நான் அக்காளுக்குக் குடுக்கறேன். அது முழுங்கினத என் கண்ணால பாத்தப்புறம்தான் நான் வாயத் தொறப்பேன்."

"அதெல்லாம் எதுக்கு கண்ணு..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"நீங்க முழுங்காட்டி நானும் முழுங்க மாட்டனுங்க. அவ்ளோதான்."

ஊரில் எல்லோரும் அவரிடம் வாங்கித் தின்றோம். அவர் கையைப் பிடித்துக் கட்டிப்போட அந்தச் சின்னப் பெண்ணுக்குத்தான் தெரிந்தது. அக்காவின் பொட்டலத்தை மல்லிகா தகர டப்பாவில் போட்டு, உயரத்தில், அக்காவுக்கு எட்டாத பரணில் வைத்தாள்.

அதன் பிறகு விடிந்ததும் அந்த இரண்டு வாசலிலும் நடந்ததை லைனே வேடிக்கை பார்த்தது. இருவரும் வெறும் வயிற்றோடு எதிரெதிரே நிற்பார்கள். மல்லிகா நீட்டுவாள், அக்கா விழுங்குவார். "ஆ காட்டுங்கக்கா" என்பாள் மல்லிகா. நாக்கைத் தூக்கி, கடைவாயை இழுத்துக் காட்ட வேண்டும். பிறகு அக்கா நீட்டுவார், மல்லிகா விழுங்கிக் காட்டுவாள். மழை அடித்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். இருமல் இருவருக்கும் எப்போதோ நின்றுவிட்டது, உடம்பில் சதை வைத்தது. மற்ற நோயாளிகள் மருந்தை விட்டு ஓடுகிற கட்டம் அதுதான். இவர்கள் ஓடவில்லை. ஓடினால் இன்னொருத்தி மருந்து நின்றுபோகும். நான் வாரத்துக்கு ஒருமுறை போவேன், சும்மா பார்க்க. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் அக்கா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

மருந்து முடிந்து, கடைசியாக இருவர் சளியையும் கீழே அனுப்பினோம். டாக்டர் சொன்ன பாம்பு செத்ததா, படுத்திருக்கிறதா என்பது அந்தச் சீட்டு வந்தால்தான் தெரியும். டாக்டர் வரும் நாள்வரை பொறுக்க முடியாமல் நானே பஸ் ஏறிச் சேலம் போய் வாங்கிவந்தேன். இரண்டு சீட்டிலும் கிருமி இல்லை என்றே எழுதியிருந்தது. மலையேறி வரும்வரை அதைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார்.

மல்லிகா குழந்தையோடு மாரமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா மட்டும் டிஸ்பென்சரி வாசலில் எனக்காகக் காத்து நின்றார். பெஞ்சில் உட்காருங்க என்றேன், உட்காரவில்லை. முந்தானை நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, உங்களுதுல..." என்று மேலே இருந்த சீட்டைப் பிரித்தேன்.

சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னுதுக்கு மல்லிகாதானுங்க பொறுப்பு. நான் பாத்த வேலைய மொதல்ல சொல்லுங்க. அவளுக்கு எப்படிங்க?"

"மல்லிகாவுக்குக் கிருமி இல்லக்கா. சுத்தமாப் போயிருச்சு."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு எனக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"செரி" என்றார். "இப்ப அவ பாத்த வேலையப் படிங்க கண்ணு."